எழுபத்தொன்றாம் எண் வைஸ்

தராசுக்காரர் வீட்டுக்குத் திருடன் வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புவான் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். வீடும் அப்படித்தான் இருந்தது. முன்னறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை. மற்றபடி கண் போகும் இடமெல்லாம் வைஸ். பட்டறை மேசையின் விளிம்பில் பொருத்தி, அறுக்கவோ அரத்தால் ராவவோ வேண்டிய இரும்பை இரண்டு தாடைகளுக்கு நடுவே கவ்விப் பிடிக்க வைப்பார்களே, அதே கருவிதான். ஆனால் இவர் சேர்த்தவை கடையில் அட்டைப் பெட்டியில் வரும் பொடிசுகள் அல்ல. கப்பல் பழுது பார்த்த துறையிலும் ரயில் பெட்டி கட்டிய கொட்டகையிலும் இரண்டு மூன்று தலைமுறை அடி வாங்கிய பெருத்த வார்ப்பிரும்புச் சாமான்கள். ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். சிலவற்றுக்கு மூன்று ஆளும் கொஞ்சம் கெட்ட வார்த்தையும்.

பிழைப்புக்கு அவர் செய்ததோ இதற்கு நேர்மாறான வேலை. மருந்துக் கடை, நகைக் கடை, ஆஸ்பத்திரி என்று ஏறி இறங்கித் தராசுகளைப் பழுது பார்ப்பார். ஒரு தலைமுடியை வைத்தால் முள் அசைகிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிற வேலை. "பகல் பூரா மூச்சு விடாம இருந்துட்டு, வீட்டுக்கு வந்து இரும்பைக் கட்டிக்கிட்டுதான் மூச்சு விடறார்" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லுவாள். சலிப்பாகத்தான் சொல்லுவாள். ஆனால் மூடி திறக்காத பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே வைஸிடம் போவதும் அவள்தான்.

வைஸில் அவருக்குப் பிடித்தது அதன் கம்பெனிப் பெயரோ வயதோ அல்ல, தேய்மானம். ஜன்னலோரம் இருந்த பெரியதில் தாடையின் இடது முனை மட்டும் மழுங்கியிருக்கும். சாதாரணமாக வலது முனைதான் தேயும். ஆகவே இடதுகைக்காரன் ஒருவன் ஆயுசு முழுக்க அதன் முன்னால் நின்று அறுத்திருக்கிறான். இன்னொன்றின் கைப்பிடி வில்லாக வளைந்திருக்கும். பலம் போதாத யாரோ அதில் குழாயைச் சொருகித் திருகியிருக்கிறான். மூன்றாவதின் முதுகெல்லாம் சுத்தியல் தழும்பு. அவன் கோபக்காரன். இந்த முகம் தெரியாதவர்களைப் பற்றி அவர் பேசும்போது தூரத்து உறவினர்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். மனைவியும் அப்படியே எடுத்துக்கொள்வாள். "உங்க இடதுகைக்காரர் மேல தூசி படிஞ்சிருக்கு, வந்து தொடைங்க" என்பாள்.

பெயிண்ட் பூசமாட்டார். மண்ணெண்ணெயில் நனைத்த துணி, பித்தளைக் கம்பி பிரஷ், கடைசியில் கை படாதது போல ஒரு பூச்சு எண்ணெய், அவ்வளவுதான். தழும்பை மறைத்துவிட்டால் அப்புறம் அது வெறும் இரும்புதானே என்பார்.

பிள்ளைகள் இல்லை. ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் மனைவி போய்ச் சேர்ந்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கவில்லை, யாரையும் அலைய விடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு தராசுக்காரர் முன்னறையில் நின்று சுற்றிப் பார்த்தார். ஒரு ஆள் குறைந்த வீட்டில் சாமான்கள் கூடிப்போனது போல இருந்தது. நடக்க இடமில்லை.

பழைய இரும்புக் கடைக்காரரின் போன் வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து.

"அண்ணே, பெரிய சாமான் ஒண்ணு வந்திருக்கு. வந்து பாருங்க. ஆனா ஒரு விஷயம், பாதிதான் இருக்கு."

"பாதின்னா?"

"முழுசாத்தான் வந்துச்சு. இறக்கறப்போ பசங்களால தூக்க முடியல. கழட்டி ஆளுக்கொரு பக்கம் போட்டானுங்க. ஒரு பாதி போன வாரமே ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு. அப்பவே கேட்டாரு, இது பாதிதானேன்னு. நானும் தேடினேன், கிடைக்கல. இப்ப குப்பையைக் கிளறுனா இது அடியில படுத்திருக்கு."

போய்ப் பார்த்தார். நகரும் பாதி. அதாவது முன்தாடையும், அதிலிருந்து பின்னால் நீளும் சதுரத் தண்டும், நடுவே திருகும். அந்தத் தண்டு, நிற்கும் பாதியின் சதுரப் பொந்துக்குள் நுழைந்து முன்னும் பின்னும் போய்வர வேண்டும். தண்டின் அடியில் எழுபத்தொன்று என்று எண் அடித்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தண்டையும் அதற்கான பொந்துக்குள் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கையால் ராவிப் பொருத்துவார்கள். பொருந்தியதும் இரண்டிலும் ஒரே எண்ணை அடித்துவிடுவார்கள். எழுபத்தொன்றின் தண்டு எழுபத்திரண்டின் பொந்தில் நுழையாது. உலகத்தில் இந்தப் பாதிக்கு ஒரே ஒரு மறுபாதிதான்.

அதை வாங்கிப் போனவரின் விலாசத்தையும் கடைக்காரரே கொடுத்தார். கடைசல்காரர் என்று பெயர். லேத் ஓட்டி ஓட்டிக் காது மந்தமான ஆள். பட்டறையை மூடி இயந்திரத்தை விற்றுவிட்டு, அதே பட்டறையின் மாடியில் தனியாக இருந்தார். மகன் வெளியூரில்.

"எழுபத்தொண்ணு உங்ககிட்ட இருக்காமே?" என்று தராசுக்காரர் வாசலிலேயே கேட்டார்.

"எனக்கு அறுபத்தாறுதான் ஆகுது. யாருய்யா நீ?"

விஷயம் புரிந்ததும் கடைசல்காரர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே அழைத்துப் போனார், ஏதோ கள்ளச் சாமான் பேரம் மாதிரி. மேசையில் துணி விரித்து, அதன்மேல் நிற்கும் பாதி உட்கார்ந்திருந்தது. அகன்ற அடி, கழுத்து இல்லாத பயில்வான் மாதிரி ஒரு உருவம்.

"எனக்குக் குடுத்துடுங்க. என்ன வேணும்னாலும் தரேன்" என்றார் தராசுக்காரர்.

"நீ எனக்குக் குடு. நானும் என்ன வேணும்னாலும் தரேன்."

"பாதியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"நீ என்ன பண்ணப் போறியோ அதேதான். ஒக்காரு, டீ குடி."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாதம் இவர் அங்கே போவார், மறு மாதம் அவர் இங்கே வருவார். இருவருக்கும் வேறு போக்கிடம் இல்லை என்பதை இருவரும் சொல்லவில்லை. பேரம் பேசத்தான் வருகிறோம் என்பது ஏற்பாடு. "என்ன தராசு, மனசு மாறுச்சா?" என்று கேட்டுக்கொண்டே கடைசல்காரர் படியேறுவார். "மாறல. உனக்கு?" என்பார் இவர். "நானா? நான் சாகறப்பவும் அதைக் கட்டிக்கிட்டுத்தான் சாவேன்." பேரம் அதோடு முடிந்துவிடும். பிறகு இருட்டும்வரை பேச்சு. கடைசல்காரருக்குக் காது கேட்காது என்பதால் தராசுக்காரர் கத்திப் பேச வேண்டும். மாதத்தில் மற்ற நாளெல்லாம் அவர் குரல் எழும்புவதே இல்லை. அந்த ஒரு சாயங்காலத்துக்குப் பிறகு இரண்டு நாள் தொண்டை கட்டியிருக்கும். அதை அவர் தொந்தரவாக நினைக்கவில்லை.

ஒன்றை மட்டும் இருவரும் செய்யவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துவிட்டால் எதிராளி பிரிக்க விடமாட்டானோ என்ற பயம். அல்லது தன் மனமே விடாதோ என்ற பயம்.

பதிலுக்கு இன்னொன்றைச் செய்தார்கள். வருகிறவன் பார்த்து வயிறெரிய வேண்டும் என்று ஆளாளுக்குத் தன் பாதியை மெருகேற்றினார்கள். முதலில் துருவைத்தான் எடுத்தார்கள். "போன தடவையைவிடப் பளபளன்னு இருக்கே!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் வீடு திரும்பியதும் உப்புத்தாளை எடுத்தார். பிறகு நைஸ் அரம். தழும்பைத் தொடாத தராசுக்காரர் தாடையைத் தொடவில்லைதான். ஆனால் தண்டு வெளியே தெரியாத இடம், உள்ளே ஓடுகிற இடம், அங்கே யாருடைய கையடையாளமும் இல்லை. ஒரு துருப் புள்ளி, அதைச் சுற்றி ஒரு இழை, இவ்வளவுதானே என்று ராவுவார். மனைவி இருந்தபோது சாயங்காலங்களில் பேச்சு ஓடிய நேரம் அது. அரம் ஓடும் சத்தம் அந்த நேரத்துக்குச் சரியாக இருந்தது. கடைசல்காரர் தன் மாடியில் சதுரப் பொந்துக்குள் கையை விட்டு அதையேதான் செய்துகொண்டிருந்தார். ஒருவர் தலைமுடி எடையைப் பிடிப்பவர், மற்றவர் தலைமுடி கனத்துக்கு லேத்தில் கடைந்தவர். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்தவர்கள் சொந்தச் சாமானில் கணக்கை விட்டுவிட்டார்கள்.

வருஷங்கள் போயின. கடைசல்காரரின் கண்ணில் படலம் விழுந்தது. படியில் ஒரு முறை தவறி விழுந்ததும் மகன் வந்து நின்றுவிட்டான், இனித் தனியாக இருக்க விடமுடியாது என்று. ஒரு மத்தியானம் தராசுக்காரர் வீட்டு வாசலில் சாமான் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பின்னால் துணி சுற்றிய மூட்டை. அதன்மேல் கையை வைத்தபடி கடைசல்காரர் உட்கார்ந்திருந்தார்.

"இறக்கிக்கோ."

"என்னது?"

"என்னதுன்னா? ராஜகுமாரி. இறக்கிக்கோய்யா. பையன் வீடு நாலாவது மாடி. மருமக இரும்பு ஒண்ணும் கொண்டுவரக் கூடாதுன்னுட்டா. பேத்தி கால்ல போட்டுக்குவாளாம்."

"நான் என்ன தரணும்?"

"ஒண்ணும் தர வேணாம்."

இத்தனை வருஷம் கேட்ட பாதி அது. தராசுக்காரர் படியில் நின்றபடி அதை வேண்டாம் என்று சொல்ல வழி தேடினார். "அவசரப்படாதே. இன்னும் ரெண்டு மாசம் யோசிச்சுச் சொல்லேன்" என்றார்.

"காலைல ரயில். எதை யோசிக்கறது? எடுடா, தம்பி" என்று ஆட்டோக்காரரைப் பார்த்துக் கடைசல்காரர் கத்தினார்.

மூவரும் சேர்ந்து அதை மேசைமேல் ஏற்றினார்கள். ஆட்டோக்காரர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே போனார். தராசுக்காரர் தண்டுக்கு எண்ணெய் தடவினார். கடைசல்காரர் பொந்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒருவர் தூக்க, ஒருவர் நேர்பிடித்துச் செலுத்த, எழுபத்தொன்று எழுபத்தொன்றுக்குள் நுழைந்தது.

தடையே இல்லாமல் நுழைந்தது. அதுதான் கோளாறு. கையை விட்டதும் முன்தாடை முன்னால் தொங்கியது. தராசுக்காரர் அதைப் பிடித்து அசைத்தார். விழப்போகும் பல் மாதிரி ஆடியது. கடைசல்காரருக்கு அந்தக் கடகட சத்தம் கேட்டிருக்காது, ஆனால் மேசை விளிம்பில் இருந்த அவர் கை உணர்ந்துவிட்டது.

"நீ தண்டை ராவினியா?"

"நீ பொந்தை ராவலையா?"

"துருவைத்தான் எடுத்தேன்."

"நானும் துருவைத்தான் எடுத்தேன்."

"துரு எடுத்தா இவ்வளவு ஆட்டம் வருமா? பாழாக்கிட்டியே! எவனோ ஒருத்தன் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி பொருத்தி வெச்சுட்டுப் போயிருக்கான்..."

"கத்தாதே. எனக்குக் காது கேக்கும்."

அதற்குமேல் கடைசல்காரர் கத்தவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தராசுக்காரர் கையைப் பிடிக்கப் போனார். அவர் உதறிவிட்டார். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. தெருமுனை வரை கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது.

ஆசைப்பட்டது முழுசாக வீட்டுக்கு வந்துவிட்டது. தெருக்காரர்கள் சிலர் எட்டிப் பார்த்து, "அட, ஜோடி சேந்துடுச்சா?" என்றார்கள். அவர் தலையாட்டினார். மாதம் பிறந்தது. சாயங்காலம் பாலை வழக்கம்போல இரண்டு பேருக்கு வைத்துவிட்டார். பொங்கி வந்த பிறகுதான் கவனித்தார். மீதியைச் சிங்க்கில் ஊற்றினார்.

ஆட்டத்தை நீக்க வழி இல்லாமல் இல்லை. தண்டுக்கும் பொந்துக்கும் நடுவே மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் செலுத்தினால் போதும். ஆனால் அது இரண்டு ஆள் வேலை. ஒருவன் முன்தாடையைச் சரியான மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும், மற்றவன் தகட்டை நுழைக்க வேண்டும். அவர் கூரைக் கொக்கியில் கயிறு கட்டித் தூக்கிப் பார்த்தார். கயிறு மெல்ல இளகி, தகட்டைக் கசக்கிப் போட்டது. முட்டுக் கொடுத்துப் பார்த்தார். முட்டு வழுக்கி, தாடை அவர் கட்டைவிரல் நகத்தைக் கருக்கிவிட்டுப் போனது. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டிருக்கலாம். தூக்கு என்றால் தூக்குவான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்த கை ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் கை நாலாவது மாடியில் இருந்தது.

போன் செய்தார். கடைசல்காரருக்குப் போனில் எதுவும் காதில் விழாது. "அப்பா நல்லா இருக்கார்" என்று மகன் சொன்னான். அவ்வளவுதான் சொல்ல இருந்தது. இரண்டாம் முறையும் அதேதான்.

மூன்றாம் மாதம் தராசுக்காரர் பஸ் ஏறினார். அரை நாள் பயணம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழிநெடுகக் கருத்த நகத்தைப் பார்த்துக்கொண்டே போனார். அந்தக் குடியிருப்பில் எல்லாக் கதவும் ஒரே நிறம். ஒன்றைத் தட்டித் தப்பாகி, இன்னொன்றைத் தட்டினார். மருமகள் திறந்தாள். இடுப்பில் குழந்தை.

"யாருங்க? என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது சும்மா பார்க்க வந்தேன் என்று அவர் அந்த மனிதனிடம் போனதில்லை. எப்போதும் பேரம் பேச ஒரு பாதி இருந்தது. இப்போது அவர் கேட்க எதுவும் இல்லை, கொடுக்கவும் எதுவும் இல்லை. திரும்பிப் படியிறங்கிவிடலாமா என்று கூட நினைத்தார்.

"அவரோட சாமான் ஒண்ணு என்கிட்ட இருக்கும்மா. அது விஷயமா" என்றார் கடைசியில்.

கடைசல்காரர் பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். மடியில் கைகள் சும்மா கிடந்தன. அந்தக் கைகளைச் சும்மா கிடந்து தராசுக்காரர் பார்த்ததே இல்லை. அருகில் போய்த் தோளைத் தொட்டார்.

கடைசல்காரர் மூக்கை உறிஞ்சினார். "மண்ணெண்ணெய் வாடை. தராசா?"

"ஆமாம்!"

"எதுக்கு வந்தே?"

"உன் பாதியைத் திருப்பிக் குடுத்துடலாம்னு!"

உள்ளே மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். கடைசல்காரர் கையை நீட்டிக் காற்றில் துழாவினார். "எங்க?"

"கனம்யா. பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டான். அடுத்த தடவை கொண்டாறேன்."

"மாமா, இங்க அதெல்லாம் வைக்க இடம்..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"நீ பயப்படாதேம்மா. இவன் எங்க கொண்டுவரப் போறான்?" என்றார் கடைசல்காரர். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு மெதுவாக, "பொந்துல எவ்வளவு போயிருக்கும்?" என்று கேட்டார்.

"ஒரு நகக் கனம்!"

"தண்டுல?"

"அதே அளவுதான்!"

"சமமாத்தான் கெடுத்திருக்கோம்." அவர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். "ஒருத்தன் மேல ஒருத்தன் பழி போட முடியாது. டீ குடிச்சியா? ஏம்மா, இவருக்கு டீ போடு. சத்தமாப் பேசுவார், குழந்தை முழிச்சுக்கும், பாத்துக்கோ."

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சீக்கிரமே எழுந்துகொண்டார். கதவருகே கடைசல்காரரின் குரல் பின்னால் வந்தது. "அடுத்த மாசம் கொண்டா! மறந்துடாதே, அது என் சாமான்!"

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையருகே போனார். எழுபத்தொன்று வாயைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கைப்பிடியைப் பிடித்து இடதுபக்கமாகத் திருகத் தொடங்கினார். திருகு நீளமானது. மெல்ல மெல்ல வெளியே வந்தது. தண்டு முழுதும் கழன்றதும் தன் பாதியை நெஞ்சோடு அணைத்து, முழங்கால் மடங்கத் தரையில் இறக்கினார். கடைசல்காரரின் நிற்கும் பாதியைத் தூக்க முடியவில்லை. மேசையையே அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கதவோரம் கொண்டுபோய்ச் சேர்த்தார். எடுத்துப் போக வேண்டிய சாமானை அங்கேதான் வைப்பது வழக்கம். நகர்த்திய இடத்தில் தரையில் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. கதவு இனிப் பாதிதான் திறக்கும். அவர் ஒருவர் போய்வர அது போதும்.